எஃப் கார்ட் பிடித்தால் பாதிக் கம்பிகள் பேசுவதே இல்லை

கத்துக்குட்டி:
வாத்தியார் கிடையாது, காணொளி பார்த்துத்தான் அக்கூஸ்டிக் கிட்டார் பழகுகிறேன். நாலு மாதம் ஆகிறது. சி, ஜி, ஏ மைனர் கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடிகள்) எல்லாம் ஓரளவு வருகிறது. எஃப் வந்தால்தான் தகராறு. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அமுக்குகிறேன். முதல் இரண்டு கம்பியிலும் 'டப்' என்று கட்டைச் சத்தம். பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடியில் வலி வேறு. என் விரல்தான் சரியில்லையா?

ஆறாம்கம்பி:
ஆறையும் அமுக்கத் தேவையே இல்லை. 3, 4, 5 ஆம் கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலுக்கு 1, 2, 6 மட்டும்தான் வேலை. விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் புரட்டி, எலும்பு படும்படி ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகப் பட்டை) ஒட்டி வையுங்கள். விரல் மடிப்பில் கம்பி விழுந்தால் சத்தம் செத்துவிடும். துளி மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். வலித்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

கத்துக்குட்டி:
இரண்டாம் கம்பி பேசிவிட்டது, நன்றி அண்ணா! முதல் கம்பி இன்னும் அப்படியே. அப்புறம், ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) எல்லாம் பச்சைதான், ஆனால் சி கார்டே கொஞ்சம் சுருதி விலகின மாதிரி கேட்கிறது.

பழையமரம்:
கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். இதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வையுங்கள், ஏ கார்ட் வரும். அங்கே எல்லோருக்குமே கொஞ்சம் சுலபம்தான். ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிந்தால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படிந்து போகும் சின்னத் துண்டு) உயரமாக இருக்கலாம். ஒரு கம்பியை 2, 3 ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். நட் உயர்ந்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அதிகம் வளைத்து அமுக்க வேண்டியிருக்கும், சுருதி ஏறிவிடும். சி கார்டில் இரண்டாம் கம்பியை அங்கேதானே பிடிக்கிறீர்கள்?

நீங்களே அரம் எடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு நட்டைக் கெடுத்தவன் நான். துளி கூடுதலாகத் தேய்த்ததில், விரல் வைக்காமல் மீட்டினாலே இரைந்தது. செட்டப் (கிட்டாரின் கம்பி உயரத்தைச் சரிசெய்யும் வேலை) தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போட்டுப் பழகலாம்.

கத்துக்குட்டி:
ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆறும் பேசின! இடைவெளியில் விசிட்டிங் கார்டே நுழைகிறது. நாலு மாதமாக விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கேப்போ போட்டுத்தான் வாசிக்கிறேன்.

ஆறாம்கம்பி:
எனக்கு நட் ஞாபகமே வரவில்லை பாருங்கள். செட்டப் ஆனதும் முதல் கம்பி என்ன ஆனது என்று எழுதுங்கள்.