கேபின் அழுத்தம் குறைந்தபோது: அனுபவப் பகிர்வுகள்

பயணி ஒருவர்:

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது அடைத்தது, சற்றுக் குளிர்ந்தது, அதற்குள் தலைக்கு மேலிருந்த மூடிகள் திறந்து மஞ்சள் நிற முகமூடிகள் தொங்கின. செய்முறை விளக்கத்தைப் பலமுறை பார்த்திருக்கக்கூடியவர்களே அவற்றைக் கையில் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணிந்தவர்களிலும் பலர் வாயை மட்டும் மூடி, மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். என் முகமூடியின் பை உப்பவே இல்லை. கருகும் வாடையும் வந்ததால், தீப்பிடித்துவிட்டதாகப் பின்வரிசையில் ஒருவர் கத்தினார். விமானம் முன்பக்கம் தாழ்ந்து வேகமாக இறங்கத் தொடங்கியதும், விழுகிறோம் என்றே நினைத்தோம். விமானி அறையிலிருந்து ஒரு சொல்கூட வராத அந்த நிமிடங்கள்தாம் மிகக் கொடுமையானவை. பின்னர் விமானம் நிமிர்ந்தது. அருகிலிருந்த விமான நிலையத்தில் நலமாக இறங்கினோம்.

விமானப் பணிப்பெண் ஒருவர்:

அந்த வாடை இயல்பானதே. பெரும்பாலான விமானங்களில் பயணிகளின் தலைக்கு மேலே இருப்பது ஆக்சிஜன் உருளை அன்று, சோடியம் குளோரேட் நிரப்பிய சிறு கலன். முகமூடியை இழுக்கும்போதுதான் அதில் வேதிவினை தொடங்குகிறது. கலன் கடுமையாகச் சூடேறி, அதன்மேல் படிந்த தூசு கருகுகிறது. தொடங்கிய வினையை நிறுத்த இயலாது. பொதுவாக 12 முதல் 15 நிமிடங்கள் ஆக்சிஜன் வரும். பை உப்பாவிட்டாலும் வரும். இழுக்காமல் தொங்கவிட்டு முகத்தை மட்டும் அருகே கொண்டுபோனால் வராது.

எங்களுக்கு நேர்ந்தபோது நான் உணவு வண்டியுடன் நடைபாதையில் நின்றிருந்தேன். கைக்கு எட்டிய முகமூடியை அணிந்து, அங்கேயே உட்கார்ந்து எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் பயிற்சி. ஆகவே இரண்டு பயணிகளுக்கு நடுவே கைப்பிடியின்மேல் அமர்ந்து, அந்த வரிசையில் கூடுதலாகத் தொங்கியதை அணிந்துகொண்டேன். எதிரே ஒரு தாய், தலையைத் திருப்பித் திருப்பித் தள்ளிய குழந்தைக்கு முதலில் அணிவிக்கப் போராடிக்கொண்டிருந்தார். தாய் மயங்கினால் இருவருக்கும் உதவியில்லை என்பதை அந்நேரத்தில் விளக்க முடியாது. அதட்டித்தான் அவரை முதலில் அணியவைத்தேன். முகமூடியின்றியே மூச்சுவிடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு விமானம் இறங்கியபின், கையில் எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் உருளையுடன் எழுந்து முதலில் கழிப்பறைக் கதவுகளைத் தட்டினோம். தனியே சிக்கியவரை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் அல்லவா?

ஓய்வுபெற்ற விமானி ஒருவர்:

விமானி அறையின் மௌனத்துக்குக் காரணம் உண்டு. 35,000 அடியில் முகமூடியின்றித் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் மட்டுமே. எனவே முதலில் முகமூடி, அடுத்து துணை விமானியுடன் பேச்சு இணைப்பு, அதன்பின் இறக்கம், கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல், விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற அவசரநிலைக் குறியீடு. இத்தனைக்கும் பிறகே பயணிகளிடம் பேச முடிகிறது.

என்னைக் கேட்டால், திடீர் இழப்பைவிட மெல்லக் குறையும் அழுத்தமே அஞ்சத்தக்கது. உயரத்தில் இருப்பதுபோலக் காற்றழுத்தத்தைக் குறைக்கும் தாழ்வழுத்த அறைப் பயிற்சியில் முகமூடியைக் கழற்றிவிட்டு எளிய கழித்தல் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். உடனிருந்த ஒருவர் சிரித்த முகத்துடன், எல்லாம் சரியாகப் போவதாகச் சொல்லிக்கொண்டே தாளில் வெறும் கிறுக்கல்களை நிரப்பினார். மூளை தளர்வதை அதே மூளையால் கண்டுகொள்ள முடிவதில்லை. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸை நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தில் கேபின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தேர்வி கைமுறை நிலையில் விடப்பட்டிருந்ததால், அழுத்தம் தானாகச் சீராகவில்லை. மேலேறும்போது ஒலித்த எச்சரிக்கையும் தரையில் புறப்படும்போது விமானம் அதற்குரிய நிலையில் அமைக்கப்படாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கையும் ஒரே ஒலியாக இருந்ததால், விமானிகள் அதை வேறொன்றாக எண்ணிக் காரணம் தேடிக்கொண்டிருக்கையிலேயே நினைவிழந்தனர். தானியங்கி இயக்கத்தில் பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 121 பேரும் இறந்தனர். காரணத்தை ஆராயும் முன் முகமூடியை அணி என்று இளம் விமானிகளிடம் நான் வற்புறுத்தியது இதனால்தான்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உடனே 10,000 அடிக்கு இறங்குவது எல்லா இடத்திலும் இயலாது. திபெத் பீடபூமியின் மேல் பறக்கையில் நிலமே அதைவிட உயரம் என்பதால், எந்த இடத்தில் அழுத்தம் போனால் எந்தப் பக்கம் திரும்பி, எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் பறந்து தாழ்நிலத்தை அடைவது என்பதைப் புறப்படும் முன்பே வரையறுத்துக்கொள்கிறோம். 15 நிமிடம் போதாத அத்தகைய வழித்தடங்களுக்கு, நீண்டநேரம் ஆக்சிஜன் தரும் உருளைகள் பொருத்திய விமானங்களே அனுப்பப்படுகின்றன.