கார் சாக்கெட்டுக்குச் ‘செருகுவாய்’ என்ற சொல் தாங்குமா?

குழுவினருக்கு வணக்கம். கார்ப் பழுதுக் குறிப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், போன் சார்ஜர் போன்றவற்றைச் செருகும் கார் சாக்கெட்டுக்கான சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

> ‘மின்வாய்’ சுருக்கமாக இருக்கிறது. சாக்கெட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாமே, ஐயா?

சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று வேதியியலில் படித்த பிள்ளைக்கு, ‘மின்வாயைச் சோதிக்கவும்’ என்றால் பேட்டரிக்குள் இருக்கும் தகடுதான் நினைவுக்கு வரும். கார்ப் பழுதுக் குறிப்பில் பேட்டரியும் வரும், சாக்கெட்டும் வரும். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

‘பற்றவைப்பான் துளை’யும் எனக்கு ஒப்பவில்லை. சிகரெட் பற்றவைக்க வந்த அமைப்புதான் இது. ஆனால் இன்று பல வண்டிகளில் பற்றவைப்பானே கிடையாது. சூடேறியதும் அதை விடுவிக்கும் ஈருலோகப் பட்டைகளும் பல சாக்கெட்டுகளில் இல்லை. அங்கே பழைய பற்றவைப்பானைச் செருகுவது ஆபத்து. பெயரே அதற்கு வழிகாட்டக் கூடாது.

என் பரிந்துரை ‘செருகுவாய்’. பிளக் என்பதைச் ‘செருகி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அது போய் உட்காரும் இடம் செருகுவாய். முன்னால் ‘12 வோல்ட்’ சேர்க்க வேண்டாம். 24 வோல்ட் லாரியிலும் இதே வடிவம் உண்டு.

> ‘நீ செருகுவாய்’ என்று வினைமுற்றாகவும் படிக்கலாமே?

நல்ல கேள்வி. படிக்கலாம். ஆனால் குறிப்பு எழுதுகிறவர் வாசகரை ‘நீ’ என்று அழைப்பதில்லை. செருகுவாயில், செருகுவாயை என்று வேற்றுமை உருபு ஏறியதும் குழப்பம் தீர்ந்துவிடும். உண்மையான சிக்கல் ஃபியூஸுக்கு நாம் வைத்திருக்கும் ‘உருகி’யில் இருக்கிறது. ‘உருகி போய்விட்டது’ என்றால் ஃபியூஸ் போனதா, ஏதோ ஒன்று உருகிப் போனதா? காதால் கேட்கிறவருக்குப் பிரித்தறிவது கடினம். அதனால் ‘மின்னுருகி’ என்றே எழுதலாம் என்கிறேன்.

எழுதிப் பார்த்தால்தான் சொல்லின் பலம் தெரியும். இதோ ஒரு பத்தி:

“செருகியை முதலில் வேறொரு வண்டியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் கோளாறு செருகியில். பல செருகிகளின் நுனியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி மின்னுருகி இருக்கும். அதன் இழை அறுந்திருக்கலாம். செருகி நன்றாக இருந்தால் செருகுவாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தெரிவது நடுமுனை, அது நேர்மின். சுற்றியுள்ள உலோகச் சுவர் எதிர்மின். ஒரு நாணயம் விழுந்து இரண்டையும் தொட்டாலே போதும், ஷார்ட் ஆகி மின்னுருகி அறுந்துவிடும். எதையும் உள்ளே விட்டு எடுக்கும் முன், அந்தச் செருகுவாய்க்கான மின்னுருகியைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அங்கே மின்சாரம் இருக்கும். புதிதாகப் போடும் மின்னுருகி பழைய அளவிலேயே இருக்கட்டும். வண்டியின் தட்டை மின்னுருகிகளில் 15 ஆம்பியருக்கு நீல நிறம், 20-க்கு மஞ்சள். நீலம் இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால், மின்னுருகி அறுவதற்கு முன்பே ஒயர் சூடேறக்கூடும். அப்புறம் சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரை நடுமுனையிலும் சுவரிலும் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டியும் செருகி வேலை செய்யவில்லையா? நடுமுனை கறுத்தோ அழுந்தியோ இருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும்.”

செருகுவாய் எங்கும் இடறவில்லை என்றே எனக்குப் படுகிறது. ‘நடுமுனை’ தானாகவே வந்து விழுந்தது; எதிர்ப்பு இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஷார்ட்’டை வேண்டுமென்றேதான் விட்டேன். ‘குறுக்குச்சுற்று’ பாடநூலுக்குச் சரி. பதற்றத்தில் காரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு ஷார்ட்தான் உடனே புரியும்.

ஒன்று மட்டும் பாக்கி. என்ஜின் ஓடாமல் ரேடியோவும் செருகுவாயும் மட்டும் உயிர்பெறுமே, அந்தச் சாவி நிலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘துணைநிலை’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் உடனே பிடிபடவில்லை. ‘முதல் திருப்பு’ என்றால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பொத்தான் வைத்த வண்டியில் திருப்ப எதுவும் இல்லை. உங்கள் சொற்களை எழுதுங்கள்.