கலைச்சொல்: புரோவெனன்ஸ் = கைவழி?

வணக்கம். ‘புரோவெனன்ஸ்’ (provenance), அதாவது ஒரு பழம்பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு, இதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மூலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? பழகிய சொல்.

அண்ணை, மூலம் என்றால் பொருள் எங்கே பிறந்தது என்பதோடு நின்றுவிடும். பழம்பொருள் ஏலத்தில் கேட்பது வேறு: செய்தவர் கையை விட்ட பிறகு அது யார் யாரிடம் இருந்தது, எப்படி மாறியது, அதற்குச் சான்று என்ன. சொதபீஸ், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் பொருளின் விபரத்துக்குக் கீழே இதைத்தான் வரிசையாகப் போடுகிறார்கள். தொல்லியலார் கேட்கும் ‘எந்தக் குழியில் கிடைத்தது’ என்பதும் இதுவல்ல. அதற்குக் ‘கண்டெடுப்பிடம்’ போதும்.

ஆகவே ‘கைவழி’ என்று முன்மொழிகிறேன். கைமாறி வந்த வழி. சங்கப் பாட்டில் கைவழி என்றால் யாழ் என்று யாரும் மறுக்கக்கூடும். அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை, குழப்பம் வராது.

இலங்கையின் வன்னியில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் பித்தளை வெற்றிலைத் தட்டம் ஒன்று பார்த்தேன். விளிம்பின் அடியில் புள்ளி புள்ளியாக ‘வே.க.’ என்று வெட்டியிருக்கிறது. பக்கத்தில் வேறொரு கை, கொஞ்சம் ஆழமாக, ‘க.சி.’ என்று வெட்டியிருக்கிறது. தகப்பன் பெயரின் எழுத்து முன்னே வரும் எங்கள் வழக்கப்படி பார்த்தால், க.வின் பிள்ளை சி. சீதனமாகவோ முதுசமாகவோ (பரம்பரைச் சொத்தாகவோ) ஒரு தலைமுறை இறங்கியிருக்கிறது. பழைய பித்தளையைக் கிலோக் கணக்கில் எடுத்து மினுக்கி விற்கிறவர்கள் இந்தப் புள்ளிகளைத்தான் முதலில் தேய்த்துவிடுகிறார்கள். பொருள் பளபளக்கும், கைவழி போய்விடும். எனக்கு வயிறெரிகிறது.

அடுத்தது ‘கைவழி முறிவு’, அதாவது பொருள் யாரிடம் இருந்தது என்று தெரியாத இடைவெளி. ஐரோப்பாவில் 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்று தெரியாத ஓவியம் வந்தால், நாசிகள் யூதர்களிடம் பறித்ததோ என்று தனியாக விசாரிக்கிறார்கள். நாசிகள் பறித்த கலைப்பொருட்களைப் பற்றிய வாஷிங்டன் கோட்பாடுகள் 1998இல் வந்த பிறகு அந்த விசாரணைக்கு அழுத்தம் கூடியது. எங்களுக்கு அந்த இடைவெளி போரின் கடைசிக் காலமான 2008, 2009. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சனம் இடம்பெயர்ந்தபோது பெட்டகமும் குத்துவிளக்கும் வழிநெடுக விடுபட்டன. அப்படியொன்று இன்று கொழும்பில் விற்பனைக்கு வந்தால் ‘கைவழி தெரியாது’ என்று எழுதிக் கடந்துவிடக் கூடாது. ‘வன்னி, 2009இல் கைவழி முறிவு’ என்று போடட்டும். உரியவர் கண்ணில் படவேண்டும்.

> ‘உரித்து வரலாறு’ சட்டத்துக்குப் பொருந்துமே?

உரித்துள்ளவர் கையிலேயே பொருள் இருக்கவேண்டுமென்றில்லை. அடகு பிடித்தவர், பத்திரமாக வைத்திருந்து கொடுத்த அயலவர், கோயில், இவர்களெல்லாம் கைவழியில் வருவார்கள், உரித்தில் வரமாட்டார்கள்.

கைவழிக் குறிப்பு, கைவழிச் சான்று இரண்டும் இதிலிருந்தே தாமாக வந்துவிடும். ‘முறிவு’ என்பதில் மட்டும் எனக்கு இருமனம். முறிந்தது ஒட்டாது. பிறகு சான்று கிடைத்தால் நிரப்பக்கூடிய இடம் இது என்பதால் ‘கைவழி விடுபாடு’ என்று மாற்றலாமா? எழுதுங்கள்.