பட்டுப் பாவாடை: உடல் சுருங்குது, பார்டரில் தையல் விட்டுப்போகுது. உதவுங்களேன்

தாமரை: அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டில் ஆறு வயசு மகளுக்குப் பாவாடை தைக்கிறேன். பார்டர் கீழே வர்ற மாதிரி வெட்டியாச்சு, பின்பக்கம் ஒரே ஒரு ஜாயிண்ட்தான். அதுலதான் வம்பே. உடல் பகுதி கோடு முழுக்கச் சுருங்குது. பார்டருக்கு வந்தா ‘டக் டக்’னு சத்தம், தையல் விட்டு விட்டு விழுது. கால் மெஷின், 16 நம்பர் ஊசி. மேல்நூல் டென்ஷனை (நூல் இறுக்கத்தை) தளர்த்திப் பார்த்தேன், அடியில் நூல் வளையம் வளையமா தொங்குது. பிரிச்சா ஓட்டை வேற தெரியுது. தீபாவளிக்குள்ள முடிக்கணும்.

ஊசிக்காரி: அடியில் வளையம் வந்தா மேல்நூல் ரொம்பத் தளர்ந்திருக்குனு அர்த்தம். டென்ஷனைப் பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. முதல் வேலை, அந்த 16ஐக் கழட்டுங்க. அது ஜீன்ஸுக்கும் தடித்துணிக்கும் உள்ளது. பட்டு உடலுக்கு 11 போதும், அதுவும் புது ஊசியா. நுனி மழுங்கினது இழையைத் தள்ளாம இழுத்துட்டு வரும், அதான் சுருக்கம். மாட்டும்போது ஊசியில் இருக்கிற நீளக் குழி நூல் கோக்கிற பக்கம் பார்த்திருக்கணும். மேலே முட்டுற வரை ஏத்தித் திருகை இறுக்குங்க. இது ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் தையல் விடும்.

ஓட்டைக்குக் கவலை வேணாம். புதுத் தையலை பழைய கோட்டிலிருந்து ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பாவாடைப் பக்கமா தள்ளிப் போட்டா பழைய ஓட்டையெல்லாம் தையல் மடிப்புக்குள்ள போயிடும்.

பாபின்: அக்கா சொன்னது சரி, ஆனா ஊசி மட்டும் மாத்தினா போதாது. தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்க, 2.5 மி.மீ.க்குக் குறையாம. துணிக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வெச்சுத் தைச்சு, அப்புறம் கிழிச்சு எடுத்துடுங்க. பின்னாலிருந்து துணியை இழுக்கவே கூடாது, மெஷினில் துணிக்கு அடியில் இருக்கிற பல்லு தானா நகர்த்தட்டும்.

தையலை பார்டர் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க. கரையும் கரையும் சரியா சேர்ந்துடும். கடைசியில் மிஞ்சுற கூடுதல் குறைச்சல் இடுப்புக் கொசுவத்துல மறைஞ்சிடும். பார்டருக்கு 14 ஊசி. ஏறுற இடத்தில் துணியை அழுத்துற மெஷின் பாதம் சாய்ஞ்சா, பாதத்துக்குப் பின்னால அட்டையை மடிச்சுச் செருகி மட்டமாக்கிக்கோங்க.

மதுரைப் பாட்டி: மெஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி துணியைப் பாரும்மா. வருஷக்கணக்கா பீரோவில் ஒரே மடிப்புல இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இத்துப் போயிருக்கும். லேசா இழுத்துப் பாரு, கிழிஞ்சா அந்த இடத்தில் எந்த ஊசியும் நிக்காது. அதைத் தவிர்த்து வெட்டு. உள்ளே நனைச்சுக் காய வெச்ச காட்டன் லைனிங் கொடுத்து ரெண்டையும் சேர்த்துக் கொசுவம் பிடி, பாரம் லைனிங் தாங்கும். இஸ்திரி போட்டா ஜரிகை மேல் மெல்லிய துணி போட்டுத்தான் போடணும், தண்ணி தெளிக்கக் கூடாது.

மிஞ்சின முந்தியைத் தூக்கி எறிஞ்சிடாதே. அசல் வெள்ளி ஜரிகைனா எடை போட்டு வாங்க ஆள் இருக்கு!

தாமரை: 11 போட்டதும் உடல் பகுதி மழமழனு வந்துடுச்சு! 14ல் பார்டரும் ஓகே. ஆனா உடலும் பார்டரும் சேருற ஒரே இடத்தில் மட்டும் இன்னும் தையல் விடுது.

ஊசிக்காரி: அது கோர்வைக் கோடு. கரையையும் உடலையும் தறியில் தனித்தனி ஊடை கொடுத்துப் பின்னிச் சேர்க்கிற இடம், கையால தடவிப் பாருங்க, வரப்பு மாதிரி தட்டுப்படும். மிதிக்காம சக்கரத்தைக் கையால சுத்தி ஒவ்வொரு தையலா கடந்து போங்க. அப்பவும் விட்டா, அந்த அங்குலத்தைக் கைத்தையலா பின்தையல் போட்டுடுங்க. யாருக்கும் தெரியாது.

தாமரை: கையால போட்டுட்டேன், நல்லா பிடிச்சுக்கிச்சு. கடைசியா ஒண்ணு: வளரும் பிள்ளைக்கு டக் (அப்புறம் பிரிச்சு நீளமாக்க மடிச்சுத் தைக்கிறது) எங்கே வைக்கலாம்? பார்டருக்கு மேலேயா?

மதுரைப் பாட்டி: எல்லாரும் அங்கேதான் வைப்பாங்க, ஆனா அடுத்த வருஷம் பிரிக்கும்போது ஊசி ஓட்டை வரிசையா கண்ணுக்கு நேரா நிக்கும். பட்டுல அது லேசுல மறையாது. நீ இடுப்புப் பக்கம் ரெண்டு அங்குலம் கூடுதலா விட்டு, பட்டிக்கு உள்ளே மடிச்சுத் தைச்சிடு. பிரிச்சு இறக்கினாலும் ஓட்டை மேல்சட்டைக்கு அடியிலதான் இருக்கும்.