தயோல் தங்கத்தில் ஒட்டும்போது அந்த ஹைட்ரஜன் என்ன ஆகிறது?

வேதிசெல்வி:
கந்தகமும் அதில் ஒட்டிய ஹைட்ரஜனும் (–SH) கொண்ட கரிம மூலக்கூறுதான் தயோல். தங்கத் தகட்டை அதன் கரைசலில் போட்டால் கந்தகத்திலிருந்து ஹைட்ரஜன் கழன்றுவிடும், கந்தகம் தங்கத்தோடு எலக்ட்ரானைப் பகிர்ந்து சகப்பிணைப்பில் இறுகிவிடும் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். 2019-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இதையே கேள்விக்குள்ளாக்கியது. இரு முனையிலும் தயோல் உள்ள மூலக்கூறுகளைத் தங்கத்தில் ஒற்றை அடுக்காகப் படியவைத்து, மூலக்கூறு ஒவ்வொன்றாக மின்கடத்தலை அளந்தார்கள். அதே மூலக்கூறைக் கரைசலிலேயே அளந்தால் வரும் மதிப்பைவிட அது வெகு குறைவு. ஹைட்ரஜன் போகவில்லை, கந்தகம் தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்து லேசாக ஒட்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தங்கமணி:
மேடம், ஒரு வகை மூலக்கூறை வைத்து எல்லாத் தயோலுக்கும் தீர்ப்பு எழுதலாமா? 1983-ல் வேதியியலாளர்கள் நுஸ்ஸோவும் அல்லாராவும் தங்கத்தில் படியவைத்தது டைசல்ஃபைடுகளை, அதாவது இரண்டு கந்தகம் ஒன்றோடொன்று பிணைந்த மூலக்கூறுகளை. அதில் கழல்வதற்குக் கந்தகத்தில் ஹைட்ரஜனே கிடையாது. தயோலில் செய்தாலும் கிட்டத்தட்ட அதே அடுக்குதான் கிடைக்கிறது. எக்ஸ்-கதிர் பாய்ச்சி எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றலை அளக்கும் எக்ஸ்பிஎஸ்ஸிலும் ஒட்டிய கந்தகம் 162 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நிற்கிறது; ஒட்டாத தயோல் 163.5-ஐத் தாண்டி வரும்.

வேதிசெல்வி:
எக்ஸ்பிஎஸ் எடுப்பது வெற்றிடத்தில், மணி சார். பலவீனமாக ஒட்டியிருந்தது அதற்குள் பறந்திருக்கும். மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாமே இறுக்கம் என்கிறீர்கள்.

அணுக்குருவி:
இருவரும் தங்கத்தை அசையாத தரையாக வைத்துப் பேசுகிறீர்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் 102 தங்க அணுவும் 44 தயோலேட்டும் (ஹைட்ரஜன் இழந்த தயோல்) கொண்ட துகளின் படிக அமைப்பைக் கண்டார்கள். அதன் வெளிப்பக்கத்தில் இரண்டு கந்தகத்துக்கு நடுவே ஒரு தங்க அணு, ஸ்டேப்ளர் பின் மாதிரி. தட்டையான தங்கத்திலும் தயோல் படிந்தால் ஓரணு ஆழத்துக்கு, சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராம், குழிகள் விழும். லேசாக ஒட்டிய மூலக்கூறு தங்க அணுக்களை இப்படி இடம் மாற்றுமா?

வேதிசெல்வி:
அந்தத் துகள் ஒடுக்கி (எலக்ட்ரான் தரும் வேதிப்பொருள்) சேர்த்துச் செய்தது, தகட்டில் படியவைத்ததல்ல. குழி விழுவது அந்த இடத்தில் வலுவான பிணைப்பு இருப்பதைக் காட்டும். அடுக்கு முழுக்க அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தங்கமணி:
அப்படியானால் மின்வேதியில் பாருங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அடுக்கை எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கிக் கழற்றினால் ஒரு கந்தகத்துக்கு ஓர் எலக்ட்ரான் கணக்கு வருகிறது. ஹைட்ரஜன் இருந்திருந்தால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

வேதிசெல்வி:
காரத்தில் போட்டதுமே அந்த ஹைட்ரஜனைக் காரமே பிடுங்கிவிடுமே சார். அளப்பதற்கு முன்பே மாதிரியை மாற்றிவிட்டீர்கள். காரமில்லாத கரைசலில் எடுத்த அளவு இருந்தால் போடுங்கள்.