புது ஸ்கூட்டருக்கு டாப்பெட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்தல்) எப்போது செய்ய வேண்டும்? அவசரம்

கட்டபெட்டு_வர்க்கி | திங்கள், இரவு 9:40
வணக்கம். என் புது ஸ்கூட்டரில் எஞ்சின் பக்கமிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், “புது வண்டிக்கு டாப்பெட் எல்லாம் தேவையில்லை, 12,000 கிலோமீட்டர் ஓடட்டும்” என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனோ, உடனே பார்க்காவிட்டால் எஞ்சின் போய்விடும் என்கிறார். யார் சொல்வது சரி? விடியற்காலையில் சரக்குடன் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

அருவங்காடு_45 | 9:52
எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? எத்தனை சிசி? முதல் இலவச சர்வீஸ் முடிந்ததா? சத்தம் குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது தம்பி.

கேத்தி_காற்று | 9:58
டாப்பெட்டை விடுங்கள். பெட்ரோல்தான் காரணம். இப்போது வருவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரிலோ பாதி நாள் மூடுபனி. சென்ற டிசம்பரில் என் வண்டியும் இப்படித்தான் படுத்தியது. டேங்கைக் காலி செய்து வேறு பங்கில் நிரப்பினேன், சரியாகிவிட்டது. எங்கே நிரப்புகிறீர்கள்?

மலைப்பாதை_மூத்தவர் | 10:05
இந்தக் கேள்விக்குப் பல முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. வண்டியோடு ஒரு கையேடு தருகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. பராமரிப்பு அட்டவணையில் ‘வால்வு இடைவெளி’ என்ற வரியில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறதோ, அப்போது பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

லவ்டேல்_ஆசிரியை | 10:11
ஐயா, நாளை வண்டியை நம்பிப் பிழைப்புக்குக் கிளம்புகிறவர் அவர். சற்று இதமாகச் சொல்லலாமே.

பழைய_ஸ்பேனர் | 10:30
குன்னூரில் 26 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்ட விவரங்கள் வரட்டும். அதற்குள் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் சத்தமில்லாத டாப்பெட்டுக்குத்தான் பயப்படுவேன்.

எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை வெளியேறவும் திறந்து மூடுவதுதான் வால்வு. புது எஞ்சினில் வால்வின் விளிம்பும் அது உட்காரும் சீட்டும் ஒன்றோடொன்று தேய்ந்து படிய வேண்டும். படியப் படிய வால்வு கொஞ்சம் உள்ளே ஏறும், வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையும். மயிரிழை அளவு சமாச்சாரம்தான். ஆனால் மொத்த இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். அது முழுவதும் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) கசியும், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐட்லிங்கில் நின்று போகும். புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும் அந்த நொடியில்தான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாவிட்டால் விளிம்பு கருகிவிடும். இவ்வளவும் நடக்கும்போது சத்தமே வராது.

டிக் டிக் என்று கேட்டால் இடைவெளி கூடியிருக்கலாம். அது காதுக்குத் தொந்தரவு, தேய்மானமும் வரும், ஆனால் ஒரு வாரத்தில் வால்வைக் கருக்காது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்த வண்டியில் இன்ஜெக்டரே டிக் டிக் என்றுதான் அடிக்கும், அது இயல்பு. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஹெட் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். பிறகு இன்ஜெக்டர் பக்கம், சைலன்சர் மூடி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கேதான் சத்தம்.

கட்டபெட்டு_வர்க்கி | 10:48
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 125 சிசி, இன்ஜெக்டர் வண்டி. வாங்கி நான்கு மாதம். 2,900 கிலோமீட்டர். முதல் சர்வீஸில் ஆயில் மட்டும் மாற்றினார்கள். சத்தம் எப்போதும் இருக்கிறது, ஏற்றத்தில் அதிகம். ஸ்டார்ட் தொல்லை காலையில் மட்டும், இந்த மூன்று வாரமாகத்தான். பின்னால் வர்க்கிப் பெட்டி இரண்டு, சுமார் 40 கிலோ. ஏற்றத்தில் வண்டி நன்றாகத்தான் உழைக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுவதால் அதற்கு ஓய்வும் கிடைக்கிறது.

அருவங்காடு_45 | 10:51
இறக்கத்தில் எஞ்சினை அணைப்பீர்களா? 40 கிலோ சுமையோடு, கோத்தகிரி ரோட்டிலா?

மலைப்பாதை_மூத்தவர் | 10:57
இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. நாங்கள் கியர் ஸ்கூட்டரில் இருபது வருடம் அப்படித்தான் இறங்கினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோலும் மிச்சம்.

பழைய_ஸ்பேனர் | 11:09
மூத்தவர் ஐயா, உங்கள் காலத்து வண்டி டூ ஸ்ட்ரோக். அதில் ஆயில் பெட்ரோலோடு கலந்து போகும். ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு எஞ்சின் பிடியில் நெடுந்தூரம் இறங்கினால் ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கிளட்சைப் பிடித்து இறங்கும் பழக்கம் வந்தது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. இவருடையது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கீழே தனியாக இருக்கிறது.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின் சக்கர கிளட்ச் எஞ்சின் வேகத்தால்தான் பிடிக்கும். அணைத்துவிட்டு இறங்கினால், வேகம் ஒரு முறை குறைந்ததும் கிளட்ச் ஷூ விலகிவிடும். மறுபடி பிடிக்க வழியே இல்லை. முழுச் சுமையும் பிரேக்கின் தலையில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்பதும் சரியில்லை. பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகளில், ஆக்சிலேட்டர் மூடியிருக்க எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும்.

மலைப்பாதை_மூத்தவர் | 11:15
இருபது வருட அனுபவத்தை ஒரு பத்தியில் தள்ளிவிட முடியாது. பிரேக் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான்.

லவ்டேல்_ஆசிரியை | 11:24
பிரேக் பிடிக்கத் தெரிந்தவர்தான் என் தம்பி. பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் டிரம்மிலிருந்து கருகிய வாடை வந்தது. லிவரை அழுத்தினால் கைப்பிடி வரை தளர்வாக வந்தது. முன் பிரேக்கைப் பிடித்து ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டிரம்மில் ஒரு துளி தண்ணீர் தெளித்தோம், சுர்ரென்று ஆவியானது. அன்று எஞ்சின் அணைந்துதான் இருந்தது. வர்க்கி தம்பி, நாளை மட்டுமாவது எஞ்சினை ஓடவிட்டு இறங்குங்கள்.

கேத்தி_காற்று | 11:31
பெட்ரோலைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அருவங்காடு_45 | 11:38
தினமும் 40 கிலோ சுமப்பவர் டேங்கில் பெட்ரோல் வாரக்கணக்கில் கிடக்காது அண்ணா, ஈரம் சேர நேரமேது? எனக்கு வேறு சந்தேகம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஏற்றத்துக்கு ஆக்சிலேட்டரைக் கூடுதலாகத் திருக வேண்டியிருக்கிறது. கையேட்டின் கிலோமீட்டர் கணக்கு சமவெளிக்குத்தானே? நமக்குப் பாதியில் பார்க்க வேண்டாமா?

பழைய_ஸ்பேனர் | 11:55
நல்ல கேள்வி. கையேட்டின் அளவை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அறிகுறி வந்தால் அறிகுறிதான் கணக்கு. 2,900 கிலோமீட்டரில், மூன்று வாரமாகக் காலையில் மட்டும் ஸ்டார்ட் தொல்லை, முதல் சர்வீஸில் வால்வைத் தொடவில்லை. நானாக இருந்தால் இந்த வாரமே இடைவெளியை அளப்பேன். பேட்டரியும் பிளக்கும் சரியா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும்.

வாரண்டி இருக்கிறது, நீங்களே கவரைத் திறக்காதீர்கள். வண்டியை முந்தின நாள் மாலையே சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள். கையேட்டிலுள்ள அளவு குளிர்ந்த எஞ்சினுக்கானது. காலையில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி உடனே அளந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஃபேனைக் கையால் ஓடும் திசையிலேயே சுற்றி, மேக்னெட்டிலுள்ள, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைக் கேஸ் கோட்டோடு சேர்ப்பார்கள். பின்னோக்கிச் சுற்றக் கூடாது. சில எஞ்சின்களில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக எக்சாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் அமைப்பு உண்டு, பின்னோக்கிச் சுற்றினால் அது குறுக்கே வந்து தவறான அளவு காட்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடு வெண்ணெயில் கத்தி இழுப்பதைப் போல லேசான பிடிப்போடு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும். கடைசியாக, இரண்டு வால்வின் அளவையும் ஜாப் கார்டில் எண்ணாக எழுதி வாங்குங்கள். ‘செக் செய்தாயிற்று’ என்ற வார்த்தை போதாது.

மலைப்பாதை_மூத்தவர் | செவ்வாய், காலை 6:20
கையேட்டைப் பார் என்றுதான் நானும் முதலிலேயே சொன்னேன்.

அருவங்காடு_45 | புதன், இரவு 8:15
வர்க்கி தம்பி, பத்திரமாக இறங்கினீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

கட்டபெட்டு_வர்க்கி | வெள்ளி, மதியம் 1:05
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை விட்டுவிட்டு இன்று காலை பக்கத்தில் நின்று பார்த்தேன். டிக் டிக் சத்தம் சைலன்சர் மூடியின் ஒரு ஸ்குரூ தளர்ந்ததால் வந்தது. எக்சாஸ்ட் வால்வில் 0.10 மில்லிமீட்டர் தகடு நுழையவே இல்லை, 0.05 தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனது. சரி செய்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை எஞ்சினை ஓடவிட்டே இறங்கினேன். கடைக்கு நேரமாகிறது, பிறகு எழுதுகிறேன்.

அருவங்காடு_45 | வெள்ளி, மதியம் 1:30
மகிழ்ச்சி. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வில் எவ்வளவு இருந்தது? கையேட்டில் எக்சாஸ்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறது?

பெருமாள்மலை_கொடை | ஞாயிறு, மாலை 5:44
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். என் வண்டி 1,100 கிலோமீட்டர். துளி சத்தம் கிடையாது. தைத்து வைத்ததுபோல் ஓடுகிறது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை முதல் சர்வீஸ். என்ன கேட்க வேண்டும் ஐயா?

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 9:10
புதன் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள்.