கார் இல்லாமல் ஹோப் பள்ளத்தாக்கில்: நடந்தவர்கள் சொல்கிறார்கள்

ஹோப் கிராமத்திலிருந்து

இந்த ஊருக்கு வீடு மாறியபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: கார் இல்லாமல் அங்கே என்ன செய்வீர்கள்? நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஒரு தேவாலயம், சில கடைகள், தூரத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் புகைபோக்கி. அவ்வளவுதான் ஊர். ஆனால் ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1894இல் திறந்த ரயில் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. கிரிண்டில்ஃபோர்டு, ஹேதர்சேஜ், பாம்ஃபோர்டு, ஹோப், ஈடேல் என்று வரிசையாகச் சின்னச் சின்ன நிலையங்கள். 1960களில் இங்கிலாந்து முழுக்கக் கிராமத்து ரயில் பாதைகளை மூடிக்கொண்டிருந்தபோது இது எப்படியோ தப்பிவிட்டது.

காரில் வருபவர் வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அதனால் எப்போதும் வட்டமடித்துத்தான் நடக்கிறார். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு நிலையத்தில் இறங்கி, மலையைத் தாண்டி, வேறொரு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். நான் அடிக்கடி போவது இப்படி: ரயிலில் அடுத்த நிறுத்தமான ஈடேல், அங்கிருந்து ஹாலின்ஸ் கிராஸுக்கு ஏற்றம், பிறகு முகட்டின் மேலேயே கிழக்குப் பக்கமாக நடந்து, பேக் டோர், லூஸ் ஹில் வழியாக நேரே என் ஊருக்கு இறக்கம். சுமார் ஐந்து மைல். கூட்டமெல்லாம் மேற்கே மாம் டோர் பக்கம் இருக்கும். அங்கே மலைச்சரிவில் அடிக்கடி மண் சரிந்து, 1979இல் ஒரு நெடுஞ்சாலையையே கைவிட்டுவிட்டார்கள். உடைந்து மடிந்து கிடக்கும் அந்தத் தார்ச்சாலையை இன்றும் போய்ப் பார்க்கலாம். காருக்கு மூடிய சாலையில் நடப்பதில் ஒரு தனி சந்தோஷம் எனக்கு.

ஹாலின்ஸ் கிராஸில் காற்று ஆளைத் தள்ளும். ஒருமுறை அங்கே ஒரு பெரியவர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் பேச்சு கொடுத்தார். ஈடேலுக்கென்று சொந்தமாகத் தேவாலயம் வரும்வரை, இறந்தவர்களை இந்த மேட்டைத் தாண்டித்தான் காசில்டனுக்குத் தூக்கிப் போவார்களாம். பனிக்காலத்தில் எப்படிப் போனார்கள் என்று கேட்டேன். "காத்திருந்திருப்பார்கள்" என்றார். அப்புறம் லூஸ் ஹில்லைக் காட்டி, அதன் உச்சிக்கு வார்டு என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். 1900இல் ஷெஃபீல்டில் தொழிலாளர்களுக்காக நடைக்குழு தொடங்கிய மனிதர். 1945இல் அந்த உச்சி அவருக்கே பரிசாகக் கிடைத்தது. அவரோ அதை, நிலங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் கொடுத்துவிட்டார். பெரியவரும் முதியோர் பஸ் பாஸில் வந்தவர்தான். மணியைப் பார்த்ததும் டீயைப் பாதியில் கொட்டிவிட்டுக் கிளம்பினார்.

உங்களுக்கு யார் யார் எதிர்ப்பட்டார்கள்? சொல்லுங்கள்.

மான்செஸ்டரிலிருந்து

அண்ணா, நாங்கள் எதிர்ப்பக்கம். ஈடேலில் இறங்கி, ஜேக்கப்ஸ் லேடர் என்ற ஏற்றப்பாதை வழியாகக் கிண்டர் ஸ்கௌட் மலை ஏறி, மறுபக்கம் ஹேஃபீல்டுக்கு இறங்குவோம். ஏறக்குறைய பத்து மைல் வரும். ஹேஃபீல்டுக்கு ரயில் 1970இலேயே நின்றுவிட்டது, அங்கிருந்து பஸ்தான்.

மேலே சரியான பனிப்புகார் ஒருநாள். கரிச்சேறு, போனில் சிக்னல் இல்லை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் காகித வரைபடத்தைத் தொங்கவிட்டபடி ஒருவர் வந்தார். வழி தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார். நேரத்தைச் சொன்னோம். எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், திசைகாட்டியைத் திருப்பி, இந்தப் பக்கம் கெதியாக நடவுங்கள் என்று சொல்லிவிட்டுப் புகாருக்குள் போய்விட்டார். பஸ் கிடைத்தது.

அதே நாள் புதருக்குள்ளிருந்து படபடவென்று ஒரு பறவை கிளம்பிக் கத்தியது: "கோ பேக், கோ பேக், கோ பேக்!" கிரௌஸ் என்ற காட்டுக்கோழி. அதன் குரலே அப்படித்தான். இந்த நாட்டில் இதை என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இதுதான் என்று என் கணவர் நின்று சிரித்தார்.

அந்தக் கோழிக்காகத்தான் முன்பு இந்த மலைக்கு யாரையும் விடவில்லை. நிலப்பிரபுக்கள் வேட்டையாட வேண்டுமே. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளந்தொழிலாளர்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1951இல் இதே பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. திறந்த மலைவெளியில் நடக்கிற உரிமை சட்டமாக வர 2000 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கோழி இன்னும் பழைய நினைப்பிலேயே இருக்கிறது போல.

ஷெஃபீல்டிலிருந்து

எனக்கு எதிர்ப்பட்டவை மாடுகள். மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதை நேராக அவற்றின் மேய்ச்சல் நிலத்துக்குள்தான் போகும். அது சட்டப்படி பொதுவழி, நாம் போகலாம். ஆனால் மாட்டுக்குச் சட்டம் தெரியாதே. ஊரில் மாட்டுக்கு நடுவே வளர்ந்தவன்தான் நான். இருந்தாலும் இருபது இளங்காளைகள் ஒரே நேரத்தில் நம் பின்னால் நடந்து வந்தால் கால் தானாக வேகம் எடுக்கிறது. நாற்சக்கர பைக்கில் வந்த விவசாயி, "தீனி கொண்டு வந்திருக்கிறாய் என்று நினைக்கின்றன, ஓடாதே" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: கன்றோடு நிற்கும் பசுதான் ஆபத்து, தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது. நாயோடு போகும்போது மாடு துரத்தினால் நாயை அவிழ்த்துவிட்டுவிடு. அது தப்பித்துக்கொள்ளும்.

இன்னொரு நாள் காசில்டனில் பஸ் வரவே இல்லை. அட்டவணையில் இருக்கிறது, ரோட்டில் இல்லை. நிழற்குடையில் என்னோடு காத்திருந்த இரண்டு பாட்டிமார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வா தம்பி, ஆற்றோரமாக ஹோப்புக்கு நடந்துவிடலாம்" என்கிற தோரணையில் எழுந்துவிட்டார்கள். ஒன்றரை மைல்தான், தட்டையான பாதை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அவர்கள் வேகத்துக்கு நான் மூச்சு வாங்கினேன். ஹோப் ரயில் நிலையம் ஊரிலிருந்து இன்னும் ஒரு மைல் தள்ளி இருக்கிறது என்பதைப் பாதி வழியில்தான் சொன்னார்கள்.

லெஸ்டரிலிருந்து

அண்ணா, ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள். முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது. ரயிலில் போய் நடக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

ஹோப் கிராமத்திலிருந்து

உண்டு தம்பி. இதே பாதையில் மான்செஸ்டர் பக்கம் நியூ மில்ஸ் சென்ட்ரல் வரை போங்கள். அங்கிருந்து ஹேஃபீல்டுக்கு ஓடிய பழைய ரயில் தடத்தைத்தான் செட் வேலி டிரெயில் என்று நடைபாதையாக்கியிருக்கிறார்கள். இரண்டரை மைல், ரயில் ஓடிய பாதை என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நிலையத்திலிருந்து ரோட்டுக்கு வரும் சரிவு மட்டும் கொஞ்சம் செங்குத்து, அங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஹேஃபீல்டிலிருந்து பஸ் இருக்கிறது. 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் மூன்று பவுண்டு என்று ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். அம்மாவுக்கு இரண்டு ஜோடி காலுறை.